காலேஜ் ஃபுட்பால் 25: 'கதவு' என்று ஒரு பையனை வளர்த்த கதை

70 டாலர் கொடுத்து ஒரு வீடியோ கேம் வாங்கி, அதில் மூன்று மாதமாகப் பந்தையே தொடாத ஒரு பையனை வளர்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் நடந்தது அதுதான், இந்த விமர்சனமும் பாதிக்கு மேல் அந்தப் பையனைப் பற்றித்தான், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

கேம், இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25. நம் ஊர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கக் கல்லூரிகள் ஆடுகிற ஃபுட்பால். 2024 ஜூலை 19 அன்று பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் வந்தது. இதற்கு முந்தையது 2013-இல் வந்தது, நடுவில் 11 வருடம் ஒன்றுமே கிடையாது. காரணம் கோர்ட்டு கேஸ். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய எட் ஓபானன், அச்சு அசலாகத் தன்னைப் போலவே ஒரு உருவம் வீடியோ கேமில் ஓடியாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கு ஒரு பைசா வரவில்லையே என்று 2009-இல் வழக்குப் போட்டார். அது இழுத்து இழுத்து எங்கெங்கோ போய், கடைசியில் 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துக் காசு பார்க்கலாம் என்று ஆனது. அதற்கப்புறம்தான் இந்த கேமுக்கு மறுபடி உயிர் வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிஜ ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 600 டாலர், கூடவே கேமின் ஒரு பிரதி. அட்டைப்பட நட்சத்திரங்களை விட்டுவிட்டால், பந்தை எறிகிற பெரிய குவார்ட்டர்பேக்குக்கும் மூன்றாம் வரிசையில் பெஞ்சு தேய்க்கும் கார்டுக்கும் அதே 600தான். அமெரிக்க ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன்மேனை மற்றவர்களுக்குச் சமமாக நடத்திய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

லைன்மேன் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு: பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து மலைகள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரத்தில் டேக்கிள்கள். முதுகில் 50-இலிருந்து 79 வரை ஏதாவது ஒரு நம்பர் இருக்கும். சென்டர் கால் நடுவே பந்தைப் பின்னால் தள்ளுவதைத் தவிர இந்த ஐந்து பேருக்கும் பந்தோடு எந்த உறவும் கிடையாது. முன்னால் பாஸ் போட்டால் பிடிக்கக் கூடாது. பாஸ் போடும் ஆட்டத்தில், ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி மூன்று கஜத்துக்கு மேல் முன்னால் போனாலே தப்பு. பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கைக் கொல்ல வருகிறவர்களை மூன்று நொடி நிறுத்தி வைப்பது, இல்லையென்றால் ஓடுகிறவனுக்கு முன்னால் ஒரு சந்து திறந்துவிடுவது, அவ்வளவுதான் வேலை. சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். தப்புச் செய்தால் மட்டும் நடுவர் மைக்கை ஆன் செய்து எண்பதாயிரம் பேர் முன்னால் "ஹோல்டிங், அஃபென்ஸ், நம்பர் 72" என்று அறிவிப்பார். நம் ஊர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் நிலைக்கு வரும்வரை அவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. தேர் முச்சந்தியில் வீட்டுத் திண்ணையை இடித்தால் தெரியும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் எம்எஸ் படித்தபோது. ஆட்டமே புரியாத காலம். நான் டிஏ-வாக, அதாவது பேராசிரியருக்கு உதவியாக, இருந்த ஒரு வகுப்பில் ஒரு லைன்மேன் பையன் வருவான். நாற்காலியோடு ஒட்டிய குட்டிப் பலகை இருக்குமே, அது அவன் வயிற்றைத் தாண்டி மடங்காது, அதனால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தொடையில் நோட்டை வைத்து எழுதுவான். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றியிருக்கும், பேனாவை மிச்ச மூன்று விரலால் பிடிப்பான். பத்து மணி வகுப்புக்குள் ஒரு டப்பா நிறைய அவித்த முட்டையைக் கொண்டுவந்து, சத்தம் வராமல் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கணக்குப் போடுவான். பசிக்குமா என்று கேட்டேன். பசியே இல்லை, எடை இறங்கிவிட்டால் கோச் திட்டுவார், அதனால் சாப்பிடுகிறேன் என்றான். அந்த வாரம் கேம்ப் ராண்டல் ஸ்டேடியத்தில் மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து குதிக்க, சிமென்ட் படி காலுக்கடியில் அதிர, நான் மட்டும் பந்தை விட்டுவிட்டு அவனைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு எந்த ஆட்டத்திலும் பந்து கண்ணில் படுவதில்லை.

ஆகவே கேமை வாங்கியதும் முதலில் திறந்தது 'ரோட் டு குளோரி'. நீங்களே ஒரு கல்லூரி ஆட்டக்காரனாக மாறி நான்கு வருடம் வாழ்கிற பகுதி இது. எத்தனை ஸ்டார் (திறமைக்குப் போடுகிற மதிப்பு) பையனாக வந்து சேர்வது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், வாராவாரம் இருக்கிற சக்தியைப் படிப்புக்கும் பயிற்சிக்கும் உடம்புக்கும் பெயர் வாங்குவதற்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும், கோச்சின் நம்பிக்கையைச் சம்பாதித்தால்தான் முதல் பதினொன்றில் இடம். யோசித்துச் செய்திருக்கிறார்கள். சரி, எந்த இடத்தில் ஆடலாம்? குவார்ட்டர்பேக், ஹாஃப்பேக், வைட் ரிசீவர், கார்னர்பேக், மிடில் லைன்பேக்கர். ஐந்தே ஐந்து. லைன்மேன் கிடையாது. வழக்கமான பதிப்பின் அட்டையைப் பாருங்கள்: டிராவிஸ் ஹன்டர், டோனவன் எட்வர்ட்ஸ், குவின் யூவர்ஸ். மூன்று பேரும் பந்தோடு பிழைக்கிறவர்கள்.

கேம் செய்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுபது முறை குனிந்து எழுபது முறை முட்டுவதை யார் காசு கொடுத்து ஆடுவார்கள்? ஆனால் நான் இருக்கிறேனே. உள்ளே எவ்வளவு விஷயம் இருக்கிறது தெரியுமா? குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றும்போது உடம்பின் பாரத்தை விரலில் போட்டால் விரல் முட்டி வெளுத்துவிடும். எதிரில் நிற்கிற கிழட்டு நரி ஒருவன் அதைப் பார்த்தே 'இது ரன் ஆட்டம்' என்று கண்டுபிடித்துவிடுவான். வெளியூர் மைதானத்தில் சத்தத்தில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது, அப்போது கார்டு திரும்பிப் பார்த்துச் சென்டரின் தொடையில் ஒரு தட்டுத் தட்ட, சென்டர் தலையை ஆட்ட, அதை வைத்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். இம்மி முன்னால் அசைந்தால் ஐந்து கஜம் அபராதம். இதை ஒரு தாள விளையாட்டு மாதிரியே செய்திருக்கலாம். வெளியூர் சத்தத்தில் திரையே குலுங்குகிற மாதிரி அழகாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?

அப்புறம்தான் 'டைனஸ்டி' பக்கம் போனேன். இதில் நீங்கள் கோச். 134 அணிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு 30 சீசன் வரை நடத்தலாம். ஆள் பிடிப்பதற்கு வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்று கொடுக்கிறார்கள், அதை எந்தப் பையன் மேல் எவ்வளவு செலவழிப்பது என்பதுதான் விளையாட்டின் பாதி உயிர், ராத்திரி ஒரு மணிக்கு 'இன்னும் ஒரே ஒரு வாரம்' என்று உட்கார வைப்பதும் இதுதான். நான் எடுத்தது விஸ்கான்சின், வேறென்ன எடுப்பேன். அங்கே பட்டியலின் அடியில் ஒரு 3 ஸ்டார் டேக்கிள் கிடந்தான், கேமே உருவாக்கிய பெயர், ஒரு பெரிய அணியும் கண்டுகொள்ளவில்லை. அவனைப் பிடித்து 72-ஆம் நம்பரைக் கொடுத்தேன். அறை நண்பன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யார்ரா இவன், கதவு மாதிரி இருக்கான்" என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் கதவு. யாராவது இடதுபக்கம் புகுந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தால், உள்ளறையில் படுத்திருந்தாலும் குரல் வரும்: "மாப்ள, கதவு தொறந்துகிச்சு போல."

முதல் வருடம் கதவுக்கு ரெட்ஷர்ட், ஆட்டத்தில் இறக்காமல் தள்ளிவைக்கிற வருடம். அதாவது கல்லூரியில் ஐந்து வருடம் இருக்கலாம், அதில் நான்கு சீசன் ஆடலாம் என்ற கணக்கு. 2018-இலிருந்து நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த வருடம் கணக்கில் சேராது. ரிசீவர் பையன் பதினெட்டு வயதில் நேராக இறங்கிக் கலக்கிவிடுவான், லைன்மேனுக்கு அது அபூர்வம். பள்ளியிலிருந்து 120 கிலோவோடு வருகிறவன், எதிரே 22 வயதில் 140 கிலோவோடு நிற்கிற ஆளோடு முட்ட வேண்டும். ஆகவே ஒரு வருடம் முழுக்கத் தூக்குவது, தின்பது, தூங்குவது, செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அந்த வாரத்து எதிரணி வேஷம் போட்டு முதல் அணியிடம் அடி வாங்குவது. கேமில் இந்த ஒரு வருடம் ஒரே ஒரு திரை. சீசன் முடிந்ததும் பயிற்சியின் பலன் என்று வரும், பலம், பாஸ் பிளாக், ரன் பிளாக் என்று பக்கத்தில் சின்னச் சின்னதாக எண்கள் ஏறியிருக்கும். பார்க்க எனக்கு ஆனந்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அவித்த முட்டை டப்பா எங்கே என்று மனசு கேட்டது. லைன்மேன் வாழ்க்கையில் பாதி சாப்பாட்டு மேஜையில்தான் நடக்கிறது, அதற்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை.

இரண்டாம் வருடம் பெஞ்சு. மூன்றாம் வருடம் மூத்தவன் ஒருவன் பட்டம் வாங்கிப் போக, கதவு லெஃப்ட் டேக்கிளாக இறங்கினான். வலதுகை குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கம் அதுதான், அவன் கண்ணுக்குத் தெரியாத பக்கம், அதனால் ஐந்து பேரில் இதற்குத்தான் மவுசு. இங்கே கேமுக்குத் தாராளமாகப் பாராட்டுக் கொடுக்கிறேன். கேமரா குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பதால் இடது ஓரத்தில் 72 எப்போதும் கண்ணில் இருக்கிறான், ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயைப் போட்டுக் கேமராவை அவன் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், பின்னால் வழுக்குகிற மாதிரி கால் வைத்து நகர்வதும், கையை நீட்டி நெஞ்சில் குத்தி நிறுத்துவதும் தெரிகிறது. ஒரு ரன் ஆட்டத்தில் எதிரணி லைன்பேக்கர் ஒருவனை அப்படியே மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டான். இதற்கு அமெரிக்காவில் பேன்கேக் என்று பெயர். எங்கள் வீட்டில் தோசை. "இன்னைக்கு எத்தனை தோசை?" என்பதுதான் நண்பன் கேட்கிற ஒரே ஸ்கோர்.

தோசை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1996-இல் ஒஹையோ ஸ்டேட்டில் ஆர்லாண்டோ பேஸ் என்ற டேக்கிளுக்கு, வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹெய்ஸ்மன் கோப்பையை வாங்கித் தர வேண்டும் என்று, பேன்கேக் வடிவத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் செய்து அனுப்பினார்கள். லைன்மேனைப் பற்றிச் சொல்ல ஓடிய கஜம், போட்ட டச்டவுன் என்று ஒரு எண்ணும் இல்லையே, பாவம், வேறென்ன செய்வது. நான்காவதாக வந்தார். 1973-இல் அதே ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாவதாக வந்தார். 1935-இலிருந்து கொடுக்கிறார்கள், ஒரு அஃபென்சிவ் லைன்மேன்கூட இதுவரை வாங்கியதில்லை. விஸ்கான்சினில் 1999-இல் ரான் டேய்ன் வாங்கினார், அவருக்குச் சந்து திறந்துவிட்டவர்கள் கை தட்டினார்கள். லைன்மேன்களுக்கென்று இருப்பது அவுட்லண்ட் கோப்பை, 1946-இலிருந்து. அதையும் தடுப்பு அணியின் உள்வரிசை ஆட்களோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதை இரண்டு முறை வாங்கியவர் இன்றுவரை ஒரே ஆள், நெப்ராஸ்காவின் சென்டர் டேவ் ரிமிங்டன், 1981-இலும் 82-இலும். அப்புறம் 2015-இலிருந்து ஜோ மூர் விருது என்று ஒன்று, அது தனி ஆளுக்கு இல்லை, மொத்த வரிசைக்கும் சேர்த்து. அந்தக் கோப்பையின் எடையே சுமார் 360 கிலோ, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இந்த கேமால் தரவே முடியாத ஒன்று உண்டு என்றால் அது விஸ்கான்சினுக்கு ஆடிய ஜோ தாமஸின் கல்லூரி வாழ்க்கை. மாடிசனுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான், புரூக்ஃபீல்டுப் பையன். 2005 சீசன் முடிந்து 2006 ஜனவரி இரண்டாம் தேதி ஆபர்ன் அணியோடு கேபிடல் ஒன் பௌல் ஆட்டம். தடுப்பு வரிசையில் ஆள் பற்றாக்குறை, அதனால் லெஃப்ட் டேக்கிளான இவரைப் போய் டிஃபென்சிவ் எண்டாகவும் இறக்கினார்கள், முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. கோடிக்கணக்கான பணம் எட்டுகிற தூரத்தில் இருந்த பையன். திரும்பக் கல்லூரிக்கே வந்து, காலைத் தேற்றி, அந்த 2006 சீசனிலேயே அவுட்லண்ட் கோப்பையை வாங்கினார். 2007 டிராஃப்டில் (தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நாள்) மூன்றாவது ஆளாக கிளீவ்லாந்து எடுத்தபோது நியூயார்க்கில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கவில்லை, அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டம் தொடங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) தொடர்ச்சியாக, ஒன்றைக்கூட விடாமல். 2017-இல் கை முட்டிக்கு மேல் தசை கிழிந்துதான் நின்றது. ஓய்வு பெற்றதும் இருபது கிலோவுக்கு மேல் இறக்கிவிட்டார், இப்போது படத்தைப் பார்த்தால் வேறு ஆள் என்று சத்தியம் செய்வீர்கள்.

இன்னொருவர் ரையன் ராம்சிக். பள்ளி முடிந்ததும் ஃபுட்பாலே வேண்டாம் என்று வெல்டிங் கற்கப் போனவர். அப்புறம் மனசு மாறி, ஸ்டீவன்ஸ் பாயின்ட் என்ற சின்னக் கல்லூரி அணியில் ஆடி, அங்கிருந்து மாடிசனுக்கு மாறினார். அன்றைய விதிப்படி அதற்கு ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும், 2015 முழுக்க உட்கார்ந்தார். 2016 ஒரே ஒரு சீசன். 2017-இல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாக நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. அவர் முழங்காலும் சும்மா விடவில்லை, 2024 சீசன் முழுக்க இறங்க முடியாமல் போனது. கேமில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறது, வருடா வருடம் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஒருவன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தான் என்ற செய்தி ஒரு பட்டியலில் எப்படித் தெரியும்? இவர்கள் எல்லாம் விதிவிலக்கு, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் ஆடுகிறவர்களில் என்எஃப்எல் வரை போவது நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. மிச்சம் 98 பேர் 22 வயதில் 140 கிலோ உடம்பையும் தேய்ந்த முழங்காலையும் வைத்துக்கொண்டு வேலைக்கு ரெஸ்யூமே எழுதுகிறார்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், குவார்ட்டர்பேக்காக ஆட ஆசைப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஸ்டேடியம், பேண்டு வாத்தியம், சத்தம் எல்லாம் அசத்தல். கேம்ப் ராண்டலைத் திரையில் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் இல்லை. விதிகள் தெரியாதவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கஷ்டம், விளக்கமெல்லாம் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இருக்காது. கன்சோல் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஆடலாம் என்று நினைப்பவர்கள் மறந்துவிடுங்கள், கம்ப்யூட்டர் பதிப்பு கிடையாது. என்னைப் போல லைன்மேன் பைத்தியங்கள் டைனஸ்டிக்காக வாங்கலாம், ரோட் டு குளோரி பக்கம் போய் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டாம். பத்துக்கு ஏழு. லைன்மேனைச் சேர்த்திருந்தால் ஒன்பது கொடுத்திருப்பேன்.

கதவு ஐந்தாம் வருடமும் முடித்தான். கடைசி உள்ளூர் ஆட்டத்தை வேகமாக ஓட்டிவிடாமல் முழுசாக ஆடினேன், நண்பனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு தோசை. ஒருமுறைகூடத் திறக்கவில்லை. சீசன் முடிந்ததும் வெளியேறுகிறவர்கள் பட்டியல் வந்தது, அதில் அவன் பெயர் ஒரு வரி, மேலும் கீழும் மற்றவர்கள். கொஞ்ச நேரம் பட்டனை அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தோம். தோசை மாவு புளித்துவிடும் என்று நண்பன் எழுந்து போனான், நான் அழுத்தினேன்.

போன வாரம் மறுபடி ஒரு 3 ஸ்டார் பையனைப் பிடித்திருக்கிறோம், இவனும் லெஃப்ட் டேக்கிள்தான், கொஞ்சம் ஒல்லி. பெயர் வைத்தாயிற்று: ஜன்னல்.